25 கிலோ, எட்டுத் தடவை

டெல்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். நடக்க முடியாத, தானாக நிமிர்ந்து உட்கார முடியாத பத்து வயதுப் பிள்ளையோடு அதே பயணம் போகும் பெற்றோர், அந்தப் பிள்ளையை எத்தனை தடவை தூக்கி இறக்க வேண்டியிருக்கும்? வாடகைக் காரிலிருந்து சொந்த வீல்சேருக்கு ஒன்று. செக்-இன் கவுன்டரில் சொந்த வீல்சேரைக் கொடுத்துவிட்டு விமான நிலைய வீல்சேருக்கு மாற்றும்போது இரண்டு. விமானக் கதவருகே, உள்ளே நுழையக்கூடிய குறுகிய நாற்காலிக்கு மாற்றும்போது மூன்று. அதிலிருந்து இருக்கைக்கு நான்கு. சென்னையில் இறங்கி வீட்டுக் கார் ஏறும்வரை இதே நான்கும் தலைகீழாக. ஆக எட்டு. பிள்ளையின் எடை 25 கிலோ என்றால் எட்டுத் தடவைக்கு 200 கிலோ. போக வர 400 கிலோ. நடுவில் ஒருமுறை கழிவறைக்குக் கூட்டிப் போனால் இன்னும் நான்கு தடவை சேரும். அதனால்தான் புறப்படும் நாளில் காலையிலிருந்தே பிள்ளைக்குத் தண்ணீரைக் குறைத்துவிடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். டிக்கெட்டில் எங்கும் அச்சாகாத செலவு அது.

இந்த எட்டில் நான்கு தடவைக்குக் காரணம் ஒரு சில சென்டிமீட்டர்தான். இந்தியாவின் உள்நாட்டு வழித்தடங்களில் அதிகம் ஓடும் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் நடுவழி ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் அகலம். சாதாரண மடக்கு வீல்சேர் 60 சென்டிமீட்டரைத் தாண்டும். இந்த இடைவெளியைப் பெற்றோரின் முதுகு ஈடுகட்டுகிறது. ஏரோபிரிட்ஜ் கிடைக்காமல் பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்தின் படிக்கட்டருகே நிறுத்தினால், மேலே தூக்கிச் செல்ல ஆம்புலிஃப்ட் வண்டி வர வேண்டும். 2010-இல் திறந்த டெல்லி மூன்றாம் முனையத்தில் 78 ஏரோபிரிட்ஜ்கள் உண்டு. ஆனாலும் எந்த விமானத்துக்கு ஏரோபிரிட்ஜ், எதற்குப் பஸ் என்பது அன்றன்றைக்கு முடிவாகும் விஷயம். டிக்கெட் எடுக்கும்போது யாரும் அதைச் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

பிள்ளை வளரும். இன்று 25 கிலோ என்றால் 15 வயதில் 40 கிலோ. எட்டுத் தடவைக்கு 320. அதே ஆண்டுகளில் தூக்குபவருக்கும் வயது ஏறும்.

இனி ரூபாய்க் கணக்கு. கரோல் பாக்கிலோ மயூர் விஹாரிலோ குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், அப்பா, அம்மா, மூளை முடக்குவாதம் உள்ள பத்து வயதுப் பிள்ளை, மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானக் கட்டணம் ஆளுக்கு 7,000 ரூபாய் என்று கொண்டால் மூவருக்கும் போக வர 42,000. ரயிலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 2,182 கிலோமீட்டரைச் சுமார் 33 மணி நேரத்தில் கடக்கிறது. மூன்றாம் வகுப்பு ஏசியில் ஆளுக்கு 2,100 ரூபாய் போல ஆகும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் உடன்வரும் ஒருவருக்கும் ரயில்வே அடிப்படைக் கட்டணத்தில் 75 விழுக்காடு குறைக்கிறது. சிறு கட்டணங்களையும் சேர்த்தால் மூவருக்கும் ஒரு வழிக்கு ஏறத்தாழ 3,300, போக வர 6,600. விமானத்துக்கும் ரயிலுக்கும் இடையே வித்தியாசம் 35,400 ரூபாய்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை ரயிலில் 36 மணி நேரம், விமானத்தில் 8 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டால் போக வர 56 மணி நேரம் மிச்சம். மணிக்கு 632 ரூபாய். ரயிலில் பிள்ளையைப் படுக்க வைக்கலாம், அது பெரிய வசதி. ஆனால் நடுவழியில், அடுத்த பெரிய ஆஸ்பத்திரி எங்கே என்று தெரியாத இடத்தில் வலிப்பு வந்த அனுபவம் உள்ள குடும்பத்துக்கு அந்த 632 ரூபாய் ஆடம்பரம் இல்லை, கடன் வாங்கியாவது கொடுப்பார்கள். இன்னொரு கூட்டமும் உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்காக பீகாரிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள். அவர்கள் வருவது ஆண்டுக்கு ஒரு விடுமுறைக்காக அல்ல, மருத்துவர் சொல்லும் தேதிக்கெல்லாம். மேலே போட்ட கணக்கை அவர்கள் ஆண்டுக்கு எத்தனை முறை போட வேண்டியிருக்கும் என்பது பிள்ளையின் நோயைப் பொறுத்தது.

ஏர் இந்தியா அரசிடம் இருந்த காலத்தில் பார்வையற்றோருக்கும், 80 விழுக்காட்டுக்கு மேல் கை கால் இயக்கக் குறைபாடு உள்ளோருக்கும் அடிப்படைக் கட்டணத்தில் பாதி குறைத்தது. எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் விதியாக அது இருந்ததில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையும் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளையும் அந்தச் சலுகை வாசகத்துக்குள் வரவும் இல்லை. ரயில் தரும் சலுகையில் எனக்கு முக்கியமாகப் படுவது 75 என்ற எண் அல்ல. உடன்வருபவருக்கும் அதே சலுகை என்பதுதான். துணையில்லாமல் போக முடியாத ஒரு பிள்ளைக்குத் துணையின் டிக்கெட் தனிச் செலவல்ல என்பதை ரயில்வே எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

சொந்த வீல்சேரின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் கணக்கில் ஆகப் பெரிய ஓட்டை அங்கேதான். உள்நாட்டு விமானத்தில் ஒரு பயணியின் பெட்டி தொலைந்தாலோ உடைந்தாலோ விமான நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பு 20,000 ரூபாய். சரக்கறைக்குள் போகும் வீல்சேரும் அந்தப் பெட்டிகளோடுதான் போகிறது. 2025 ஜூலையில் சென்னை ஐஐடி வெளியிட்ட ஒய்டி ஒன் வீல்சேர் வெறும் 9 கிலோ எடை, விலை 75,000 ரூபாய் அளவில். வெளிநாட்டிலிருந்து வரும் அதே தரத்து நாற்காலிகள் 2 லட்சத்தைத் தாண்டும். கழுத்தைத் தாங்கவும் முதுகைச் சாய்க்கவும் பிள்ளையின் உடலுக்கு அளவெடுத்துச் செய்த நாற்காலிகளும் எளிதாக லட்சத்தைத் தொடுகின்றன. நம் ஊர்த் தயாரிப்பையே எடுத்துக்கொண்டாலும், அது உடைந்து 20,000 கிடைத்தால் மீதி 55,000 குடும்பத்தின் கையிலிருந்து. கூடுதல் மதிப்பை முன்கூட்டியே எழுதிக்கொடுத்துக் கட்டணம் கட்டினால் வரம்பு உயரும் என்ற வழி சட்டத்தில் இருக்கிறது. அதைக் கவுன்டரில் யாராவது தானாக முன்வந்து சொல்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். நாற்காலி உடைந்தால் பணம் மட்டும் போவதில்லை. அளவெடுத்த நாற்காலி திரும்பக் கைக்கு வரும்வரை அந்தப் பிள்ளை கட்டிலில்தான்.

பேட்டரி வீல்சேர் என்றால் எடை 50 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரியானால் அதைக் கழற்றிப் பயணி தன்னோடு உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒரே பேட்டரியானால் 300 வாட்-மணி வரை, இரண்டானால் ஒவ்வொன்றும் 160 வாட்-மணி வரை. இந்த இரண்டு எண்களையும் அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. உலகம் முழுக்க ஒரே விதிதான், ஆனாலும் ஒவ்வொரு கவுன்டரிலும் அதை முதலிலிருந்து விளக்க நேரலாம்.

இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, டெல்லி அரவிந்தர் சாலையில் சப்தர்ஜங் பழைய விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையும் அதே சாலையில்தான். விதி எழுதும் இடத்துக்கும், அந்த விதியை நம்பி ஊர் ஊராகப் பறந்துவரும் பிள்ளைகள் வந்து சேரும் இடத்துக்கும் இடையே அதிக தூரமில்லை. மாற்றுத்திறனாளிப் பயணிகளுக்கான முதல் முழுமையான விதித் தொகுப்பு 2008 மே மாதம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், சென்னை வித்யாசாகர் அமைப்பைச் சேர்ந்த உரிமைச் செயல்பாட்டாளர் ராஜீவ் ராஜன் டெல்லி வர விமானம் ஏறப்போனபோது, மூளை முடக்குவாதம் உள்ளவர் துணையில்லாமல் வரக்கூடாது என்று மறுக்கப்பட்டிருந்தார். அந்தப் போராட்டத்தின் விளைவுகளில் ஒன்று இந்த விதி.

விதி வந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து, 2012 பிப்ரவரி 19 அன்று, கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஒரு கருத்தரங்குக்காகப் புறப்பட்ட ஜீஜா கோஷ் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். அவருக்கும் மூளை முடக்குவாதம். உச்ச நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கில் 2016 மே 12 அன்று நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, ஆர்.கே. அகர்வால் தீர்ப்பளித்தார்கள். இழப்பீடு 10 லட்சம் ரூபாய். இறக்கிவிட்ட நாளிலிருந்து தீர்ப்பு நாள்வரை 1,544 நாட்கள். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 648 ரூபாய் வருகிறது. அந்த வழக்கின் காகிதங்களில் மற்றவர்களின் அனுபவங்களும் பதிவாகின. டெல்லியிலிருந்து ராய்ப்பூர் செல்லவிருந்த ஒரு பெண்ணிடம், ஏதாவது நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஏற்றினார்கள் என்பதும் அதில் ஒன்று. இவர்கள் எல்லாம் பெரியவர்கள், தங்களுக்காகத் தாங்களே வாதாடத் தெரிந்தவர்கள். ஒரு குழந்தைக்கு இது நேர்ந்தால்?

அது 2022 மே 7 அன்று நேர்ந்தது. ராஞ்சியிலிருந்து ஹைதராபாத் செல்லவிருந்த ஒரு குடும்பத்தின் சிறப்புக் குழந்தை விமான நிலையத்துக்கு வந்த களைப்பிலும் பதற்றத்திலும் இருந்தபோது, மற்றப் பயணிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி இண்டிகோ ஏற்ற மறுத்தது. உடனிருந்த பயணிகள் பரிந்து பேசினார்கள். அவர்களில் மருத்துவர்களும் இருந்து, உதவி செய்வதாகச் சொன்னார்கள். அப்படியும் நடக்கவில்லை, குடும்பம் மறுநாள்தான் பறந்தது. டிஜிசிஏ மூவர் குழு வைத்து விசாரித்தது. பணியாளர்கள் இன்னும் கனிவோடு நடந்திருந்தால் குழந்தை அமைதியாகியிருக்கும், மறுக்க வேண்டிய நிலையே வந்திருக்காது என்று கண்டது. 21 நாட்களில், மே 28 அன்று, 5 லட்சம் ரூபாய் அபராதம்.

1,544 நாட்களுக்குப் பக்கத்தில் 21 நாட்கள் என்பது பெரிய முன்னேற்றம், அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் 5 லட்சத்தையும் அதன் அளவில் பார்க்க வேண்டும். 2021-22 நிதியாண்டில் இண்டிகோவின் செயல்பாட்டு வருவாய் ஏறத்தாழ 25,931 கோடி ரூபாய். அந்த ஆண்டு நிறுவனத்துக்குப் பெரும் நஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வருவாயை 365 நாட்களுக்கும் நாளின் 1,440 நிமிடங்களுக்கும் வகுத்தால், நிமிடத்துக்கு 4 லட்சத்து 93 ஆயிரம் வருகிறது. அபராதம் ஒரு நிமிட வருவாய். 2024 பிப்ரவரியில் மும்பையில் போதிய வீல்சேர் கிடைக்காமல் நடந்துபோன 80 வயது முதியவர் சுருண்டு விழுந்து இறந்தபோது ஏர் இந்தியாவுக்கு விதித்த தொகை 30 லட்சம். உயிர் போன பிறகு விதித்த தொகை அது.

ராஞ்சிக்குப் பிறகு 2022 ஜூலையில் விதி திருத்தப்பட்டது, அந்தத் திருத்தம்தான் உண்மையான பலன். குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக்கூடாது. வானில் உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் நினைத்தால், பயணியை ஒரு மருத்துவர் நேரில் பார்த்து, பறக்கத் தகுதியா இல்லையா என்று திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் மறுத்தால் காரணத்தோடு உடனே எழுத்தில் தர வேண்டும். கவுன்டரில் நிற்பவர் கண்ணால் பார்த்து முடிவு செய்த காலம் விதிப்படி முடிந்துவிட்டது.

விதிக்குள் இன்னும் இடுக்குகள் இருக்கின்றன. 2024 ஏப்ரலில் டிஜிசிஏ, 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அதே பயணச்சீட்டில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இருக்கை தர வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் ஆட்டிசம் உள்ள 14 வயதுப் பையனுக்கு அம்மா பக்கத்தில் இருப்பது, நான்கு வயதுக் குழந்தைக்கு இருப்பதை விடவும் அவசியமாக இருக்கலாம். வயதை மட்டும் அளக்கும் விதி அவனைப் பார்ப்பதில்லை.

பாதுகாப்புச் சோதனையும் அப்படித்தான். உள்நாட்டுப் பயணத்துக்கு விமானப் பாதுகாப்புக் கட்டணம் 200 ரூபாய், இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் அதே தொகை. மூவர் குடும்பத்துக்குப் போக வர 1,200 ரூபாய். யார் தொட்டாலும் அலறும் பிள்ளைக்கு அந்தச் சோதனைச் சாவடியில் கழியும் சில நிமிடங்கள்தான் முழுப் பயணத்திலும் கடினமானவை. பீப் ஒலி, வரிசை, பெல்ட்டைக் கழற்று, கையில் பிடித்திருக்கும் பொம்மையை ட்ரேயில் வை. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், செயற்கைக் காலைக் கழற்றச் சொல்லக்கூடாது, மாற்றுத்திறனாளியைச் சோதனைக்காகத் தூக்குவது மனிதத்தன்மையற்றது என்று சொன்னது. உடலில் கண்ணுக்குத் தெரியும் குறைபாட்டுக்கு அது பெரிய காப்பு. கண்ணுக்குத் தெரியாததற்கு?

அதற்குத்தான் சூரியகாந்தி அடையாளம் வந்தது. லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016-இல் தொடங்கியது. சூரியகாந்திப் பூ அச்சிட்ட பச்சைப் பட்டையைக் கழுத்தில் போட்டிருந்தால், இந்தப் பயணிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமும் பொறுமையும் தேவை என்று பணியாளர்கள் புரிந்துகொள்வார்கள். பெங்களூரு முதலிலும் டெல்லி பிறகும் இதில் சேர்ந்தன. பட்டையை வாங்கிப் போட்டாலும், சோதனைச் சாவடியில் நிற்கும் காவலருக்கு அதன் பொருள் தெரிந்திருந்தால்தான் பயன்.

எத்தனை பேருக்கு இது தேவை? இங்கே வந்ததும் எண்கள் கைவிடுகின்றன. 2011 கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. அவர்களில் 19 வயது வரையுள்ளவர்கள் 78 லட்சத்து 64 ஆயிரம். டெல்லியில் எல்லா வயதிலுமாக 2.35 லட்சம். அந்தக் கணக்கெடுப்பு குறைபாடுகளை 8 வகையாகப் பிரித்தது, ஆட்டிசத்துக்குத் தனி இடம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டம் 21 வகைகளை ஏற்றது. புதிய சட்டத்தின் கண்ணோடு எடுத்த கணக்கெடுப்பு இன்னும் கைக்கு வரவில்லை. 2024-25-இல் டெல்லி விமான நிலையம் கையாண்ட பயணிகள் சுமார் 7.9 கோடி, நாளுக்கு ஏறத்தாழ 2.17 லட்சம். அதில் 2.21 விழுக்காடு என்றால் நாளுக்கு 4,800 பேர். உண்மையில் அத்தனை பேர் வருவதில்லை, பாதிப் பேர் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பயணத்தைக் கைவிட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். வீல்சேர் எண்ணிக்கை உண்டே என்று கேட்கலாம். மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வீல்சேர் கோரிக்கைகள் வருவதாக ஏர் இந்தியா 2025-இல் சொன்னது. அதில் பெரும் பங்கு முதியவர்கள். காலால் நடக்கும், காதால் துன்பப்படும் பிள்ளை அந்த எண்ணில் இல்லை.

அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் உடைத்த, தொலைத்த, தாமதமாகக் கொடுத்த வீல்சேர்களையும் ஸ்கூட்டர்களையும் அரசு மாதாமாதம் நிறுவனவாரியாக வெளியிடுகிறது. 2023-இல் 11,527. ஏற்றிய நூற்றில் 1.38. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்த எண் சொல்லவில்லை. ஆனால் எந்த நிறுவனத்தில் பிள்ளையின் நாற்காலி பத்திரமாக வரும் என்று டிக்கெட் எடுக்கும் முன் ஒரு தாய் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். அதே தாய் டெல்லியில் யாரைக் கேட்பாள்? டிஜிசிஏ மாதந்தோறும் ஒவ்வொரு நிறுவனத்தின் பயணிகள் எண்ணிக்கையையும், ரத்தான விமானங்களையும், நேரம் தவறாமையையும் வெளியிடுகிறது. சேதமான வீல்சேர் எத்தனை, மறுக்கப்பட்ட மாற்றுத்திறனாளிப் பயணிகள் எத்தனை, ஆம்புலிஃப்ட்டுக்காகக் காத்திருந்த நிமிடங்கள் எத்தனை என்று அந்த அறிக்கையில் மூன்று பத்திகளைச் சேர்க்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. தகவல் ஏற்கெனவே நிறுவனங்களிடம் இருக்கிறது, ஒவ்வொரு மறுப்பும் எழுத்தில் தரப்பட வேண்டியதுதானே.

இந்தக் கோடையில் டெல்லியிலிருந்து பிள்ளையோடு பறக்கப் போகிறவர்களுக்கு விதிப்படி கையில் உள்ளவை இவை. புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்துக்குத் தேவையைச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்குள் விமானம் வரையிலும், இறங்கிய பின் வாசல் வரையிலும் கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் கடமை, அதற்குத் தனிக் கட்டணம் கேட்க முடியாது. நாற்காலியைக் கொடுக்கும் முன் நாலாபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தலைதாங்கியையும் மெத்தையையும் கழற்றி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஏற்ற முடியாது என்றால், மருத்துவரை அழையுங்கள் என்று முதலில் கேளுங்கள். பிறகும் மறுத்தால், காரணத்தை எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்தோடு தரச் சொல்லுங்கள்.